சுவருக்கு வர்ணம் பூசவும் அறிவு வேண்டாமா?

பொங்கல் வந்தால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்பது நம் நாட்டில் ஏழை முதல் பணக்காரன் வரையில் எல்லோரும் செய்துவரும் காரியமாகும். ஆனால் எதன் மேல் அடிக்கிறோம், எதை அடிக்கிறோம், ஏன் இந்த நிறத்தை அடிக்கிறோம் என்கிற மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொண்டு அடிக்கிறவர்கள் மிகச் சொற்பமென்றே சொல்ல வேண்டும். அப்பன் அடித்தான், ஆகையால் நானும் அடிக்கிறேன் என்பார் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரன் பச்சை அடித்தான், நான் மட்டும் இளைத்தவனா என்பார் இன்னொருவர். ஜோசியன் மஞ்சள் என்றான், அதனால் மஞ்சள் என்பார் வேறொருவர். விளம்பரத்தில் சினிமா நடிகர் சிரித்துக்கொண்டு நிற்கிறார், அந்த டப்பாதான் வேண்டும் என்பார் மற்றொருவர். இந்த நால்வரும் வெவ்வேறு ஆட்களாகத் தோன்றினாலும் உண்மையில் ஒரே ஆள்தான். நால்வருமே தம் வீட்டுச் சுவர் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தவர்கள்.

மனிதனுக்குப் பிறப்பினால் வர்ணம் பூசிய கொடுமையைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியாயிற்று. இன்று எழுதப் புகுந்தது சுவரின் வர்ணத்தைப் பற்றி. இது என்ன அற்ப விஷயம், இதற்கு ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். கைக்காசு செலவாகிற காரியமும், குழந்தையின் மூளையைப் பாதிக்கிற காரியமும் அற்ப விஷயமாகாது என்பதே நமது பதில். எப்படியென்று காட்டுவோம்.

முதலில் சுவரைப் பார்ப்போம். பழைய வீடென்று நாம் இங்கே சொல்வது, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டி, சுண்ணாம்பாலேயே பூசி, ஓடு வேய்ந்தோ மரவிட்டத்தின் மேல் தளம் போட்டோ முடித்த வீடுகளை. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளும், கும்பகோணத்துத் தெரு வீடுகளும், நம் கிராமங்களில் மிஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீடுகளும் பெரும்பாலும் இந்த இனந்தான். சுண்ணாம்பு என்பது என்ன? கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயிலிட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. மீதியைத் தண்ணீரிலிட்டால் கொதித்து நீறிப் போகிறது. அந்த நீற்றுச் சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகவே இறுகிவிடுகிறது. ஆகவே வெள்ளையடித்த சுவரென்பது மெல்லியதொரு கல் போர்வை போர்த்திய சுவராகும். அந்தப் போர்வையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தரையிலிருந்து ஏறுகிற ஈரமும், மழையில் சுவர் குடிக்கிற ஈரமும் அந்தத் துளைகளின் வழியாக ஆவியாகி வெளியே போய்விடும். நம் பாட்டன்மார் வீடுகள் கீழே ஈரத்தடுப்பு ஒன்றுமில்லாமலே நின்றதற்குக் காரணம் இதுவேயன்றி, வாசலில் கட்டிய பூசணிக்காயல்ல.

இப்படிப்பட்ட சுவரின் மேல் இன்றைய நாகரிகமென்று சொல்லி எண்ணெய்ப் பெயிண்டையோ, வழவழவென்று பளபளக்கும் பிளாஸ்டிக் எமல்ஷனையோ பூசினால் என்ன ஆகும்? வெளியேற வேண்டிய ஈரம் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். அது கரைத்துக்கொண்டு வந்த உப்பு பெயிண்டுக்கு அடியில் பூக்கும். பெயிண்டு முதலில் கொப்புளிக்கும், பிறகு அப்பளம்போல் உரிந்து விழும். உடனே வீட்டுக்காரர் கூலிக்கு அடித்தவனைத் திட்டுவார். அடுத்த வருஷம் இன்னும் விலையுயர்ந்த டப்பா வாங்குவார். அதுவும் உரிந்தால் வீட்டுக்குத் தோஷமென்று புரோகிதனுக்குப் பணங்கொடுப்பார். உரிந்த காரணமோ சுவரின் அடியில் இருக்கிறது. ஒழுகுகிற ஓட்டையும், சுவரோரம் தேங்குகிற சாக்கடையையும் சரிசெய்யாமல் எந்தப் பெயிண்டாலும் ஈரத்தைக் குணப்படுத்த முடியாது என்பதை ஒவ்வொருவரும் உணர வேண்டும்.

சுவரில் ஈரமிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நிபுணர் யாரும் வர வேண்டியதில்லை. ஒரு சதுர அடி கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் கோத்திருந்தால் அறைக் காற்றிலுள்ள ஈரம், ஜன்னலைத் திறந்தால் போகும். இன்னொரு பரீட்சை: சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுவர் குடித்துவிட்டால் சுண்ணாம்பு அடிக்கலாம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் முன்பே யாரோ பெயிண்டு பூசிவிட்டார்களென்று அர்த்தம், அதன் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. ஒரு ரூபாய் செலவில்லாத இந்த இரண்டு பரீட்சைகளையும் செய்யாமல் ஆயிரக்கணக்கில் டப்பா வாங்குவது எந்த விதத்தில் புத்திசாலித்தனமாகும்?

சுண்ணாம்பு அடிப்பதிலும் முறை உண்டு. நன்றாக நீறிய சுண்ணாம்பை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை முன்னதாகத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, மெல்லிசாக மூன்று தரம், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே மற்றொன்றாக அடிக்க வேண்டும். ஈரத்தில் அது கண்ணாடிபோல் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். இது தெரியாமல், வெளுக்கவில்லையே என்று தயிர்போல் குழைத்து ஒரே தரத்தில் அப்புகிறவர்களுடைய சுவர்தான் மறுமாதமே பொருக்கு விட்டுச் சட்டையில் ஒட்டுகிறது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்தாகையால் கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். தெறித்துவிட்டால் உடனே நல்ல தண்ணீரால் வெகுநேரம் கழுவிவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

சுண்ணாம்பில் எல்லா நிறமும் நிற்காது. காவியும், மஞ்சள் காவியும், துணிக்குப் போடுகிற நீலமும் நிற்கும். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் கெட்டுவிடும். சமையல் மஞ்சளைக் கலந்தால் சிவந்து, பிறகு வெளுத்துப் போகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி சுற்றுகிற ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் தட்டிலே அது திருஷ்டி கழிக்கும் மகிமை என்கிறோம், சுவரிலே மட்டும் ரசாயனம் என்கிறோம். இரண்டும் ஒன்றுதான். நீலத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அந்த அல்ட்ராமரைன் நீலம் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த விலையுயர்ந்த கல்லை அரைத்து எடுக்கப்பட்டது, பிரபுக்களுக்கும் மாதா கோவில் சித்திரங்களுக்குமே கட்டுபடியாயிற்று. 1828-ல் பிரான்சு தேசத்தில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்ததற்குப் பரிசு கொடுத்தார்கள். அதன் பலனாகவே இன்று அது வண்ணான் சாலில் கிடக்கிறது. பிரபுவின் நீலத்தை ஏழையின் சுவருக்குக் கொண்டுவந்தது பிரார்த்தனையல்ல, ஆராய்ச்சி.

நிற்க, இதுவரை சொன்னது காசு நஷ்டத்தைப் பற்றியது. இனிச் சொல்லப் போவது உயிர் நஷ்டத்தைப் பற்றியது. பழைய வீட்டின் கதவு, ஜன்னல், கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி இவைகளின் மேல் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வெள்ளைக்கு ஈய வெள்ளை, பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈயக் குரோமேட், இரும்பு துருவேறாமலிருக்க ஈயச் செந்தூரம் என்று பல தலைமுறைகளாகக் கலந்துவந்திருக்கிறார்கள். அந்தப் பெயிண்டு அசையாமல் சுவரோடு இருக்கும்வரை தீங்கு குறைவு. அது உதிரும்போதும், நாம் புதுப்பெயிண்டு அடிப்பதற்காக அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும் கிளம்புகிற தூசியே விஷம். தவழ்கிற குழந்தை அந்தத் தரையில் கைவைத்து, அந்தக் கையை வாயில் வைக்கிறது. பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் ஈயத்தை உறிஞ்சுகிறது என்றும், இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. சத்துக் குறைந்த குழந்தையின் உடலோ இன்னும் அதிகமாக உறிஞ்சும். படிப்பு ஏறாத பிள்ளையைப் பார்த்துத் தலையெழுத்து என்கிறோமே, அந்தத் தலையெழுத்தில் சில எழுத்துகளை எழுதியது வீட்டு ஜன்னல் பெயிண்டாக இருந்தால் அதற்குப் பரிகாரம் எந்தக் கோவிலில் செய்வது?

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியுமல்ல. ஈயத்தோடு பழகுகிற தொழிலாளர்களுக்கு வரும் கேடுகளைப் பற்றி, தானே அச்சுத் தொழிலாளியாயிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1786-லேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து வைத்தியர் லாக்கார்ட் கிப்சன் என்பவர், தம்மிடம் வந்த குழந்தைகளின் ஈய நோய்க்குக் காரணம் வீட்டுத் தாழ்வாரக் கைப்பிடிகளிலும் சுவர்களிலும் இருந்த பெயிண்டே என்று 1904-ல் எழுதினார். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1921-ல் கட்டிடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடுக்க ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆனால் அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-ல். நம் இந்தியாவில், வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாதென்று 2016-ல் விதி வகுத்து, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 1904-க்கும் 2017-க்கும் நடுவில் 113 வருஷங்கள்! பிரிஸ்பேன் வைத்தியர் சொன்னது நம் சட்டப் புத்தகத்துக்கு வந்து சேர இத்தனை காலமாயிற்று. பஞ்சாங்கமோ வருஷந்தவறாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது.

ஆகவே 2017-க்கு முன் பூசிய எண்ணெய்ப் பெயிண்டு எதுவாயிருந்தாலும், பரீட்சை செய்து தெரிந்துகொள்ளாதவரை அதில் ஈயம் உண்டென்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ அறிய முடியாது, பரிசோதனைச் சாலையில்தான் தெரியும். உரியாமல் உறுதியாயிருக்கும் பெயிண்டைச் சுரண்ட வேண்டாம், அதன் மேலேயே புதிது பூசலாம். உரிந்த இடத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே சுரண்ட வேண்டும். காய்ந்த நிலையில் தேய்ப்பதும், நெருப்பு ஊதிக் கருக்கி எடுப்பதும் கூடவே கூடாது. வேலை நடக்கும் அறையில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கக்கூடாது. பண்டபாத்திரங்களை வெளியேற்றி, தரையில் தாள் விரித்து, மூக்குக்குத் தூசி வடிக்கும் முகமூடி கட்டி, முடிந்ததும் விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடைத்து, சுரண்டியதைப் பையில் கட்டி, உடுத்திய துணியைத் தனியே துவைக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். நம் குழந்தைக்கு ஆகாத தூசி அவருக்கும் ஆகாது, அவர் துணியோடு அது அவர் வீட்டுக் குழந்தையிடமும் போய்ச் சேரும். முகமூடி வாங்கிக் கொடுப்பது தர்மமல்ல, அவருக்குச் சேர வேண்டிய பாக்கி.

இனி நிறத்துக்கு வருவோம். வீட்டுக்காரரின் ராசிக்கேற்ற நிறம், திக்குக்கேற்ற நிறம் என்று சொல்லிப் பிழைக்கிறவர்கள் இன்று புத்தகத்தில் மாத்திரமல்லாமல் கைப்பேசியிலும் வந்துவிட்டார்கள். அவர்களை நாம் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்கிறோம். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் யார் ராசிக்குப் பெயிண்டு அடிப்பது? வாடகை வீட்டில் சொந்தக்காரன் ராசியா, குடியிருப்பவன் ராசியா? குடியிருப்பவன் காலி செய்தால் சுவரும் ராசி மாறுமா? ஒருவர் நல்லதென்ற நிறத்தை மற்றொருவர் ஆகாதென்கிறாரே, இருவருக்கும் தட்சிணை மட்டும் எப்படி ஆகிறது?

நிறத்தைத் தீர்மானிக்க வேண்டியது அறையின் வெளிச்சமும் அறையில் நடக்கும் வேலையுமேயாகும். இதிலும் மேல்நாட்டுப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது இன்னொரு வைதீகமே. வடக்கு ஜன்னலில் வெயில் வராது, ஆகவே அந்த அறைக்கு இன்ன நிறமென்று அங்கே எழுதுகிறார்கள். சென்னையிலோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியனே வடக்கில்தான் நிற்கிறான். நம் பழைய வீடுகளில் சுவர் பருமன், ஜன்னல் சிறிசு, ஓடு தாழ்ந்திருக்கும், முற்றத்திலிருந்து விழுகிற வெளிச்சமே பெரும்பாலும் கூடத்துக்கு வெளிச்சம். ஆகையால் கூரையின் அடிப்பாகத்துக்கும் முற்றத்தைச் சுற்றிய சுவருக்கும் வெள்ளை அடித்தால் அதுவே வெளிச்சத்தை உள்ளறைக்கு அனுப்பும். வெளிச்சமே எட்டாத உள்ளறையில் தூய வெள்ளை சாம்பலாய் மங்கித் தெரியும், சற்று மஞ்சள் கலந்த வெள்ளை அங்கே நன்றாயிருக்கும். கையும் காலும் படுகிற அடிச்சுவரில் மூன்றடி உயரத்துக்குக் காவி அடிப்பது அழுக்கைத் தாங்கும். மேடுபள்ளமான பழைய சுவரில் பளபளப்புப் பூச்சு ஒவ்வொரு மேட்டையும் காட்டிக்கொடுக்கும், மங்கல் பூச்சு மறைக்கும். நீலம் அடித்தால் அறை குளிருமென்பது வீண் பேச்சு. குளிர்ச்சி வேண்டுமானால் வெயில் படுகிற மாடித் தளத்தின் மேல் வெள்ளை அடிக்க வேண்டும்.

ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தோன்றுமென்பதை பிரான்சில் கோபலென் நெசவுச்சாலையின் சாயப் பகுதியை நடத்திய ஷெவ்ரல் என்ற ரசாயன அறிஞர் 1839-ல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். கறுப்பு நூல் மங்கியிருக்கிறதென்று வந்த புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் அல்ல, அண்டையிலிருந்த நிறத்தில் என்று கண்டார். ஆகவே கடையில் விரல் நகமளவு காட்டும் சீட்டைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். சிறிய டப்பா ஒன்று வாங்கி, இரண்டடி அட்டையில் இரண்டு தரம் பூசி, காயவிட்டு, அதே அறையில் காலையிலும் மத்தியானத்திலும் இரவு விளக்கிலும் வைத்துப் பாருங்கள். சிவப்புத் தரையும் தேக்குக் கதவும் அதை எப்படி மாற்றுகின்றனவென்று உங்களுக்கே தெரியும். மற்றொன்று: அடுக்களைக்கு நிறம் சொல்ல வேண்டியவர் யார்? வீட்டிலேயே இருண்ட, புகை படிந்த அறையில் பெண்ணை வேலை செய்ய விட்டுவிட்டு, அதன் நிறத்தைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளை தீர்மானிப்பது என்ன நியாயம்?

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறைக்கு நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடி கதவு ஒன்றும், 4 அடிக்கு 3 அடி ஜன்னல் இரண்டும் கழித்தால் 395. டப்பாவின் மேல் ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி பிடிக்குமென்று அச்சடித்திருக்கிறது. வகுத்துப் பார்த்து, பழஞ்சுவர் கொஞ்சம் அதிகம் குடிக்குமென்று சேர்த்துக்கொண்டால் கடைக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. மேலிருந்து கீழாக, முதலில் கூரை, பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல் என்று செய்தால் சிந்தினது வீணாகாது.

நம் வீட்டுச் சுவருக்கு நாமே வர்ணம் பூசுவது கேவலமென்று எண்ணுகிறவர்களும் உண்டு. கையால் வேலை செய்பவன் தாழ்ந்தவன், உட்கார்ந்து தின்பவன் உயர்ந்தவன் என்று கற்பித்த புத்தியே இப்படிப் பேச வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் புருஷன், பெண்ஜாதி, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு அறையைப் பூசி முடித்தால் குறைந்து போகிற மானம் எது? உயரத்து வேலைக்கும் நுணுக்க வேலைக்கும் தொழில் தெரிந்தவரைத் தக்க கூலி கொடுத்து அழைக்கத்தான் வேண்டும். ஒரு நாள் தாமே மட்டையைப் பிடித்துப் பார்த்தவன் அந்தக் கூலியில் பேரம் பேசமாட்டான்.

எனவே தோழர்களே, இந்த வருஷம் சுவரில் கைவைக்கும் முன் நல்ல நாள் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். மழைக்காலம் தீர்ந்து சுவர் காய்ந்த நாளே நல்ல நாள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள், தாள் ஒட்டிப் பாருங்கள், அட்டையில் பூசிப் பாருங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டும் முன் குழந்தையை வெளியே அனுப்புங்கள். அறைக்குத் தகுந்த நிறம் எதுவென்பதை அந்த அறையின் வெளிச்சமே சொல்லும், அதற்கு இடையில் தரகர் வேண்டியதில்லை.